மூன்று முறை ஊதி, பெரியதை எழுது

வேலந்தாவளத்தில் செக்போஸ்ட் தாண்டியதும்
இரண்டாவது லாட்டரிக் கடை என்னுடையது.
கோயமுத்தூரிலிருந்து பைக்கில் வருகிறவர்கள்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்பார்கள்,
கடைசி மூணு நானூத்திப்பத்து இருக்கா அக்கா?
இருக்கு என்று சொல்ல
எனக்கு இரண்டு மூச்சு வேண்டும்.

ஆடியில் கணவாய்க் காற்று
தகரக் கூரையைப் பேர்த்துப் போடும்.
ஊருக்கெல்லாம் மிச்சம்,
எனக்கு மட்டும் ரேஷன்.

பம்ப் இரண்டு, மாத்திரை மூன்று,
மாத்திரை ஊத வைத்த முகம்.
கல்யாணப் போட்டோவைக் காட்டினால்
தங்கச்சியா என்கிறார்கள்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்
சம்மதப் படிவம் பதினேழு பக்கம், மலையாளத்தில்.
மலையாளம் எனக்கு வாய்க்கு வரும், கண்ணுக்கு வராது.
தமிழில் வரட்டும், அதுவரைக்கும் கையெழுத்து வேண்டாம் என்று
திருப்பி அனுப்பினாள் ரெஞ்சினி.
பன்னிரண்டு நாள் கழித்து வந்த தமிழில்
நான் பங்கேற்பாளர் ஆகியிருந்தேன்.
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்லத் தேவையில்லை
என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.
நாற்பத்தாறு வயதுக்கு
யாரும் எனக்கு அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்று
கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம்.
டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
இதைச் சொல்வதற்குள் ரெஞ்சினிக்கு வியர்த்துவிட்டது.
புள்ளே, நான் விக்கிறதே அதுதான் என்றேன்.

உங்களை எலியாக்கிட்டாங்க என்றான்
பக்கத்துக் கடைப் பொன்னுக்குட்டன்.
எலிக்கு யாரப்பா பஸ் காசு தர்றாங்க என்றேன்.
அன்று ராத்திரி
சுவரோரம் ஏதோ ஓடியபோது
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

நாலு வாரத்துக்கு ஓர் ஊசி, மொத்தம் பதின்மூன்று.
பல் தேய்க்கும் முன்னால்
பிளாஸ்டிக் குழாயில் மூன்று முறை ஊதி
பெரியதை நோட்டில் எழுத வேண்டும்.
170.
165.
190.
தவிட்டு லாரி ஆறுச்சாமி நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு
190-இல் முடியும் சீட்டாகக் கேட்டு வாங்கினான்.
விழவில்லை.
மறுநாளும் வந்து நின்றான்,
இன்னைக்கு எவ்வளவு ஊதுனீங்க?

ஐந்தாம் ஊசிக்கு அப்புறம் ஒரு விடிகாலை
முள் 140-ஐத் தாண்டவில்லை.
மூன்று முறை. நான்காவதாகத் திருட்டுத்தனமாக ஒரு முறை.
220 என்று எழுதினேன்.
யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை.
அந்தப் பெண் முகம் வாடக் கூடாது,
பேர் தெரியாத ஊசி தோற்கக் கூடாது,
இப்படி ஏதோ.

அடுத்த முறை போனபோது சொல்லிவிட்டேன்.
ரெஞ்சினி திட்டவில்லை.
ரப்பரை எடுக்கப் போன என் கையைப் பிடித்தாள்.
அழிக்கக் கூடாதுக்கா.
குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் நிஜ எண்,
தேதி, சுருக்கக் கையெழுத்து.
கெட்ட மூச்சும் கணக்குல வரணும்.

துளசிமணி என்று முழுசாகவே போட்டேன்.

பதின்மூன்றும் முடிந்தாயிற்று.
இப்போது ஒரே தலையணையில் படுக்கிறேன்,
மாத்திரை பாதியானது.
மருந்தா, மழை சீக்கிரம் விட்டதா,
எதிர்க்கடைப் பரோட்டாக் கல் பின்பக்கம் போனதா,
தெரியாது.
எல்லோரும் ஊசி முடித்த பிறகு
கவரில் எழுதி வருமாம். இரண்டு வருஷம் ஆகலாம்.

நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்,
குழாயை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
பழைய ரிசல்ட் தாளின் பின்னால் எழுதுகிறேன்.
ஆறுச்சாமி கேட்பான் இல்லையா.

இன்று காலை 310.
அந்த எண்ணில் முடிகிற சீட்டு
கட்டில் ஒன்று இருந்தது.
தீர்ந்துபோச்சு தம்பி என்றேன் அவனிடம்,
ஒரே மூச்சில்.