செல்லாதவை

ஒன்பது ஓட்டில் தோற்றோம்.
தார்ன்பெக் நீச்சல்குளத்தை ஒட்டிய கூடத்தில் எண்ணினார்கள்.
இரவு முழுக்கக் குளோரின் நெடி.
ஹெஸ்டர் ஆர்மராட் கோட்டைக் கழற்றவேயில்லை.
இருபத்திரண்டு வருடம் அவள் வைத்திருந்த வார்டு.

இரண்டு மணி சுமாருக்கு
சந்தேக ஓட்டுகளைப் பார்க்கக் கூப்பிட்டார் அதிகாரி.
கட்சிக்கு ஒருவராகக் குனிந்தோம்.
ஒன்றில் எல்லாக் கட்டத்திலும் கோடு.
ஒன்றில் கெட்ட வார்த்தை, எழுத்துப்பிழை இல்லாமல்.
ஒன்றில் நாய். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.
மற்ற பதினான்கிலும்
தாளின் குறுக்கே, வேறு வேறு கையெழுத்தில்,
38.

"நோக்கம் தெளிவாக இல்லை" என்றார் அதிகாரி,
"செல்லாது."
எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

முப்பத்தெட்டாம் நம்பர் பஸ்
க்ரோஷா மேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும்
அங்கிருந்து பிஸ்கட் ஆலைக்கும் போய்க்கொண்டிருந்தது.
பிப்ரவரியில் நிறுத்தினோம்,
பட்ஜெட் கூட்டத்தில்,
பதினேழாவது பொருளாக, சாப்பாட்டுக்கு முன்.
ஹெஸ்டர் முடியாது என்றாள்.
கட்சி முடிவு என்று சொல்லி
அவள் கையைத் தூக்கவைத்தவன் நான்.

சனிக்கிழமை ஆய்வுக் கூட்டம்.
மழை, என்றார் ஒருவர்.
ஜெயித்தவர்கள் தெருவிலும் அதே மழைதான் பெய்தது.
லண்டனிலிருந்து வந்த பியர்ஸ் சொன்னான்:
"நம் செய்தி மக்களிடம் போய்ச் சேரவில்லை."
சேர்ந்தது, பியர்ஸ்.
ஒவ்வொரு நிறுத்தக் கம்பத்திலும்
பிளாஸ்டிக் உறை போட்டு, கவுன்சில் முத்திரையோடு
கட்டிவைத்தோமே:
இந்தச் சேவை இனி இல்லை.

துண்டறிக்கையின் நிறம் பற்றி ஒரு மணி நேரம்.
தட்டில் இருந்தது அந்த ஆலை பிஸ்கட்தான்,
அதுவும் தீர்ந்தது.
ஹெஸ்டர் வரவில்லை.
பதினான்கு தாளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்து நிதிநிலை, என்றார் தலைவர்.
நானும் பக்கத்தைத் திருப்பினேன்.

திங்கள் காலை ஆறேகால்.
காரை வீட்டில் விட்டுவிட்டு
க்ரோஷா மேட்டு நிறுத்தத்தில் போய் நின்றேன்.
ஆலைச் சீருடையில் இரண்டு பெண்கள்
சரிவில் நடந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.
"பஸ் வராது. தெரியாதா?"

மூன்று தேர்தலாக
என் முகம் அச்சடித்த தாள்
அவள் வீட்டுக் கதவிடுக்கில் விழுந்திருக்கிறது.
அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"தெரியும்" என்றேன்.

"பிறகு எதற்கு நிற்கிறீர்கள்?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள்.
அந்தக் கேள்வி
எங்கள் கூட்டப் பொருள்பட்டியலில்
ஒருமுறைகூட இருந்ததில்லை.

ஆலைக்கு நான்கு மைல்.
கூடவே நடந்தேன்.
பாதி வழியில் ஷூ கடிக்கத் தொடங்கியது.
அவர்கள் வேகத்தைக் குறைக்கவில்லை,
வேலைக்கு நேரமாகிறது.