மூன்றாம் மேசைக்கு வருபவருக்கு

தர்ஷிகலா,
லாச்சி இறுகும்; இடப்பக்கம் கொஞ்சம் தூக்கி இழு.
உள்ளே கிடக்கும் சாவி எதற்கென்று எனக்கும் தெரியாது.
எறிந்துவிடாதே,
எனக்கு முன்பிருந்தவரும் எறியவில்லை.

யன்னலைச் சாத்தாமல் போனால் குரங்கு வரும்.
என் இரண்டாம் அத்தியாயத்தின் ஒரே அச்சுப்பிரதியை
கலஹா வீதி மரமொன்றில் இருந்து
புரட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.
மேற்பார்வையாளரைவிட வேகமான வாசகர்.
ஆகவே மூன்று இடத்தில் பிரதி வை,
ஒன்றாவது பேராதனைக்கு வெளியே.

பேராசிரியை எல்லேபொல நல்லவர், மறதிக்காரர்.
சந்திப்பு முடிந்த அன்றே
இன்று முடிவெடுத்தவை இவை என்று
நாலு வரி அனுப்பிவிடு.
ஆறு மாதம் கழித்து
"இதை யார் செய்யச் சொன்னது?" என்பார்.
கோபப்படாமல் அந்த நாலு வரியைத் திருப்பி அனுப்பு.
ஆய்வுகூடத்து வீரக்கோனிடம் உபகரணம் கேட்குமுன்
மகளின் சாதாரண தரப் பெறுபேற்றை விசாரி.
(தந்திரமில்லை. அவள் உண்மையாகவே கெட்டிக்காரி.)

உதவித்தொகை தாமதிக்கும்.
தை மாதக் காசு சித்திரையில் வரும்.
"இன்னும் படிக்கிறாளா?" என்று
லயத்தில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது
நீயல்ல, உன் அம்மா.
அவருக்கு ஒரு வசனம் பழக்கிக் கொடு.
என் அம்மா சொல்வது:
"அவ மழைய எண்ணுறா."
அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை.

எண்ணத்தான் செய்தேன்.
வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டம்,
அலுவலக அலுமாரியில் நாற்பத்திரண்டு வருடப் பதிவேடு,
கறையான் தின்ற மூலைகள்.
நாளுக்கு ஓர் எண்.
ஒவ்வொன்றாய்த் தட்டெழுதினேன், பதினொரு மாதம்.
பிறகொரு இரவு வரைபில் பார்க்கிறேன்:
அந்த மலையில்
ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்யவில்லை.

நாற்பத்திரண்டு வருடம். ஒரு ஞாயிறுகூட.

அழுதேன்.
கண்டித் தையல்கடையொன்றில் ஆள் தேவை என்ற அறிவித்தலைப்
படம் பிடித்து வைத்தேன்.
இன்னும் போனில் இருக்கிறது.
ஐந்து நாள் எல்லேபொலவிடம் சொல்லவில்லை,
இங்கே நான் விட்ட பிழைகளில் அதுதான் பெரியது.
கெட்ட செய்தியை அன்றே சொல், தர்ஷிகலா.
சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்:
"திங்கட்கிழமைகளைப் பார்த்தாயா?"

பார்த்தேன். இரட்டிப்பாய் இருந்தன.

அடுத்த நாள் காலைக் கோச்சியில் போனேன்.
பழைய கிளார்க் இன்னாசிமுத்து
பதிவேட்டைப் புரட்டிச் சிரித்தார்.
"ஞாயிறு ஆபீஸ் பூட்டு புள்ள, யாரு வந்து அளப்பா?
தண்ணி எங்க போகப்போகுது,
போத்தலுக்குள்ளதானே கெடக்கும்.
திங்க காலையில ரெண்டையும் சேத்து எழுதிருவேன்.
கட்டத்த வெறுமையா விட்டா தொரை ஏசுவாரு.
அதுக்குத்தான் பூச்சியம்.
எனக்கு முந்தி இருந்தவரும் அப்பிடித்தான்."

என் நாலாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பூச்சியம்தான்.
வெளிப் பரிசோதகருக்கு
மற்ற எல்லாவற்றையும்விட அது பிடித்ததாம்.

நீ எதை ஆராய்கிறாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அட்டையோ, மண்சரிவோ, பழைய பேர்க்காசுக் கணக்கோ.
எதுவானாலும்
ஒரு வசனமும் எழுதாத நாள் வரும்.
அப்படியே ஒரு வாரம் வரும்,
மூடுபனி ஹந்தானையை விழுங்கிவிட்டு
உன் மேசைக்கும் வரும்.
பக்கத்து மேசைக்காரி அன்றைக்கும்
தட்டிக்கொண்டே இருப்பாள்.

கொப்பியில் பூச்சியம் போடாதே.
அளக்கவில்லை என்று எழுது.
போய்த் தூங்கு.
திங்கள் காலையில் வந்து பார்.

யன்னல், மறக்காதே.
சாவி எதற்கென்று கண்டுபிடித்தால்
எனக்கு ஒரு வரி எழுது.