இருபத்தொரு பல்

தாடை என்று பெயர் வைத்த ஊரில்
பல் செட் செய்து பிழைக்கிறேன்.
மூஸ் ஜாவில் இந்த நகைச்சுவையை
எனக்கு முன்பே ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள்.

ஏலத்தில் எடுத்த மெர்குரி பிக்கப்,
நாற்பத்தொன்பதாம் வருடத்தது.
முள் ஐம்பதைத் தொட்டபோது
கைபேசி வேறு கணக்கு சொன்னது.
கிலோமீட்டரை மைலாக்கிப் பார்த்தேன்: ஐம்பத்தெட்டு.
இரண்டில் ஒன்று பொய்.
கைபேசிக்குப் பொய் சொல்ல என்ன முகாந்திரம்?

கியர் பெட்டியின் பின்புறம்,
ஸ்பீடாமீட்டர் கம்பி நுழையும் இடத்தில்
கட்டைவிரல் பருமனில் ஒரு பல்சக்கரம்.
எண்ணெய் துடைத்து விளக்கடியில் வைத்தேன்.
ஒரு பல்லில் நகப்பூச்சுப் புள்ளி வைத்துத் தொடங்கி
அந்தச் சிவப்புக்கே திரும்பி வர
இருபத்தொன்று.
புத்தகத்தில் பதினெட்டு.

மூன்று பல் கூடினால் சக்கரம் சோம்பும்.
முள் அடக்கி வாசிக்கும்.

ஒஹாயோக்காரர் ஒருவர் சத்தியம் செய்து அனுப்பியதில்
பல் பதினெட்டுதான், சாய்வு எதிர்ப்பக்கம்.
வினிபெக்கிலிருந்து வந்தது
எந்த வண்டிக்கும் உரியதில்லை,
ஏதோ தையல் மெஷினாக இருக்கலாம்.
பொறுமை இழந்து நானே ஒன்று வார்த்தேன்,
பல் செட் பிசினில், ஈறு நிறத்தில்.
நான்கு மைல் ஓடிப் பொக்கைவாய் ஆனது.
பழைய பொய்யையே திரும்ப மாட்டினேன்.

கதவைச் சுரண்டிய அன்று
பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில்
கையால் எழுதிய பெயர்: எம். பாபியுக்.
அசினிபோயா பக்கம் அந்தப் பெயரில் மூன்று வீடு.
மூன்றாவது வீட்டில் ஸ்டெல்லா போனை எடுத்தார்.
"மெட்ரோவின் வண்டியா?
இன்னுமா ஓடுகிறது அந்தச் சனியன்?"

ஷெட் நிறையக் காப்பி டின்கள், எதிலும் சீட்டு இல்லை.
வால்வு, ஆணி, ஒற்றைக் கையுறை,
பாலாடை பிரிக்கும் இயந்திரத்தின் ஏதோ ஒரு காது.
பதினோராவது டின்னில்
காகிதம் சுற்றி நூல் கட்டிய ஒன்று.
எண்ணுவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது.
சாய்வும் சரி.

காகிதத்தை நீவினேன். அபராதச் சீட்டு.
ஜூலை, அறுபத்தொன்று.
எல்லை ஐம்பது. வேகம் ஐம்பத்தெட்டு.
பதினோரு டாலர்.

"ஐம்பதுக்கு மேல் மயிரிழைகூடப் போகவில்லை என்று
சாகும்வரை சொன்னார் மனுஷன்.
அந்தப் போலீஸ்காரருக்கு சர்ச்சில்
எங்களுக்கு முன்வரிசை.
முப்பது வருடம் அவர் பிடரியை முறைத்துக்கொண்டே
ஜெபம் சொன்னார்."

டின் மூடியில் பென்சிலால் போட்டுக் காட்டினேன்.
இருபத்தொன்றைப் பதினெட்டால் வகுத்து
ஐம்பதால் பெருக்கினால்.

ஸ்டெல்லா மூடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"இதை மாற்றியது சீட்டுக்கு முன்பா, பின்பா?"

சக்கரத்தில் வார்ப்பு எண் இருக்கிறது. மாட்டிய தேதி இல்லை.
முன்பு என்றால் மெட்ரோவும் யோக்கியர்,
அந்தப் பிடரியும் யோக்கியம்.
பின்பு என்றால்
முள்ளைத் தனக்குச் சாட்சி சொல்லப்
பழக்கியிருக்கிறார்.

"காசு வேண்டாம். பதிலுக்கு அதைக் கொடு" என்றார்.
முற்றத்துப் புழுதியில் மல்லாந்து
பதினெட்டை மாட்டிவிட்டு
இருபத்தொன்றை அவர் கையில் வைத்தேன்.
என் சிவப்புப் புள்ளி இன்னும் அதில் இருந்தது.
அதே சீட்டில் சுற்றினார், அதே நூலைக் கட்டினார்,
டின் மூடியை உள்ளங்கையால் தட்டி இறுக்கினார்.

திரும்பும் வழியில் முள் ஐம்பது, கைபேசியும் ஐம்பது.
அறுபத்தோராயிரம் மைல் என்றது வண்டி.
அதில் எத்தனை மைல் எந்தச் சக்கரம் எண்ணியது
என்று கேட்க ஆளில்லை.
ஐம்பது இவ்வளவு மெதுவா என்றிருந்தது.
பின்னால் ஒரு கோதுமை லாரி
பொறுத்துப் பொறுத்துப் பார்த்து
ஹாரன் அடித்தபடி முந்தியது.