பன்னிரண்டாவது வளைவு

சென்சார் கெட்டுப்போவது ஒரு செய்தியே இல்லை.
ஏற்காட்டில் நவம்பர் மாதம்
உப்பு கெடும், தீப்பெட்டி கெடும்,
காப்பிக்கொட்டை உலர்த்தும் கூடத்தில்
ஈரம் அளக்கும் எங்கள் பெட்டியின்
பிளக் மட்டும் என்ன தனிப்பிறவியா?

"கெடட்டும் மேடம்" என்றார் லூர்துராஜ் போனில்.
"ஒரு கம்பிதானே, மாத்திக்கலாம்.
ஒரு கம்பி போனதுக்கு
முழு மெஷினும் ஏன் சாகுது?"

அஸ்தம்பட்டியில், ஜவுளிக்கடை மாடியில்,
இரவு பத்தே முக்காலுக்கு
அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தேன்.
தட்டுவடை செட்டு பொட்டலத்துக்குள்ளேயே
நமுத்துக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் சின்னப்பையன் எட்டிப் பார்த்தார்.
"டிரைவர் செத்துட்டாருன்னு
போன்ல சொல்லிட்டு இருந்தீங்களே,
எந்த பஸ்ஸும்மா?"

பஸ் இல்லைங்க, என்றேன்.
அதற்கு மேல் விளக்க எனக்கும் தெரியவில்லை.

நான் எழுதிய டிரைவர் இல்லை அது.
தலைப்பில் 'கா.வே.' என்று இரண்டு எழுத்து,
ஒரு பழைய தேதி. ஒழுங்கான கை.
நினைவகம் கேட்டு வாங்குகிறது,
பூட்டு ஒன்றைத் தயார் செய்கிறது,
சென்சாரைக் கூப்பிடுகிறது.
பதில் வந்தால் டைமரை ஓடவிட்டு
வேலையைப் பார்க்கிறது.
வராவிட்டால்
கடைசியில் ஒரே ஒரு லேபிள்: தோல்வி.
அங்கே தாவு. எல்லாவற்றையும் திருப்பிக் கொடு. போ.

எல்லாவற்றையும்.
இன்னும் ஓடவே தொடங்காத டைமரையும்.

வாங்காத அண்டாவைத் திருப்பித் தர
இல்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.
பதிவேட்டின் கடைசி வரியில்
முகவரி: பூஜ்யம்.
அப்புறம் ஒன்றும் இல்லை, கருந்திரை.

போன மார்ச்சில் நான் ஏறிய பஸ்
மலைப்பாதையில் பன்னிரண்டாவது வளைவில் நின்றுபோனது.
ரேடியேட்டரில் ஆவி. கண்டக்டர் பாதிக் காசு கொடுத்தார்.
இறங்கி நடந்தோம்: பதினொன்று, பத்து, ஒன்பது,
மஞ்சள் பலகைகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன.
கைக்குழந்தைக்காரிக்குக்கூட அது தெரிந்திருந்தது,
நின்ற இடத்திலிருந்துதான் இறங்க வேண்டும் என்று.

கா.வே. இருபதிலிருந்து இறங்கியிருக்கிறார்.
பன்னிரண்டுக்கு மேலே போகாத வண்டியை
இருபதிலிருந்து.

அவரைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை.
பதினோரு மாதம் அந்த லேபிளுக்குள்
ஒருவரும் நுழைந்ததில்லை, நானும் உட்பட.
கல்யாண மண்டபத்தில் தீயணைக்கும் சிலிண்டரை
யார் திறந்து பார்க்கிறார்கள்?

ஒரு தோல்வியை மூன்றாக உடைத்தேன்.
எதுவரை ஏறினாயோ அந்தப் படிக்கு ஒரு பெயர்.
கடைசியாக வாங்கியதை முதலில் கொடு,
முதலில் வாங்கியதைக் கடைசியில்.
ஓட்டினேன். செத்தது.
ஒரே நினைவகத்தை இரண்டு முறை
திருப்பிக் கொடுத்திருந்தேன், நானேதான்.
மணி ஒன்று பத்து.
ஒரு வரியை அழித்தேன்.

பிறகு பிளக்கைப் பிடுங்கினேன்.
செருகினேன், பிடுங்கினேன்.
பாதி ஏறும்போது, ஏறி முடித்தபின்,
ஈரத்துணியைச் சுற்றிவைத்து,
நாற்பது தடவை வேண்டுமென்றே தோற்கடித்தேன்.
ஒவ்வொரு தடவையும் பெட்டி
'சென்சார் இல்லை' என்று சொல்லிவிட்டு
உயிரோடு காத்திருந்தது.

நமுத்த தட்டுவடையில் பீட்ரூட் நீர் விட்டிருந்தது.
தின்றேன், நன்றாகவே இருந்தது.

காலை ஏழரைக்கு லூர்துராஜ்.
"சென்சார் இல்லைன்னு காட்டுது மேடம்."
ஆமாம்.
"காட்டிட்டு, அது பாட்டுக்கு இருக்கு."
ஆமாம்.
பின்னால் மழைச் சத்தம், யாரோ ஏணியை இழுக்கிறார்கள்.
"அப்ப சரி" என்றார்,
"நான் போய்க் கம்பியை மாத்துறேன்."