பதினெட்டாவது சாக்கு

கோலக் கெட்டிலில், பேருந்து நிலையத்துக்கு எதிரே,
கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம்.
குளிர்சாதனம் ஒழுகும் இடத்தில் ஒரு மைலோ டின்.
காலையிலிருந்து விழுந்த சொட்டெல்லாம் டின்னுக்குள்.
மூன்று மணிச் சொட்டு மட்டும்
தரைக்கு.

செம்பனைக்குப் பொட்டாஷ்:
மரத்துக்கு ஒன்றுமில்லை, ஒரு கிலோ, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
ஆறு ஆண்டுகள் குலைகளை எடைபோட்டுக்
கணினியில் புள்ளிகளாய் இறக்கினேன்.
டாக்டர் ரோஸ்னானிக்கு வேண்டியது ஒரே ஓர் எண்:
“ஒரு கிலோ கூட்டினால் விளைச்சல் எவ்வளவு கூடும்?”
எந்தக் கிலோ என்றேன்.
எகத்தாளம் என்று நினைத்திருப்பார்.

முதல் கிலோவுக்கு மரம் வாரிக் கொடுத்தது.
இரண்டாவதுக்குக் கிள்ளிக் கொடுத்தது.
மூன்றாவதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.
நான்கில் இறக்கம்.
ஐந்தில், உரமே காணாத மரத்தின் பக்கம்
எட்டிப் பார்த்தது.
அளவுக்கு மிஞ்சினால் என்று
நம் ஆட்கள் பாதியில் நிறுத்திவிடும் வாக்கியத்தை
நான் சமன்பாடாக எழுதி முடித்தேன்.
இருபடி உறுப்புக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.
கவிழ்த்து வைத்த சட்டிபோல் வந்தது கோடு.
அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்,
அவ்வளவு அழகு.

அதே வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து மிருணாளி
இன்னொரு கோட்டோடு மாடியேறி வந்தாள்.
தோட்டத்துப் பெண்கள், ஆறாம் படிவம், பேருந்துக் கட்டணம்.
இருபது காசு ஏறியது: யாரும் நிற்கவில்லை.
மறுபடி இருபது: யாரும் நிற்கவில்லை.
மூன்றாவது இருபது காசில்
ஒரே திங்கட்கிழமை பதினோரு பேர்.
சராசரி போட்டால்
இருபது காசுக்கு மூன்று பெண்களும்
இன்னொருத்தியின் பெரும்பகுதியும், என்று
சிரிக்காமல் சொன்னாள்.

என் புள்ளிகளில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.
பதினேழாம் துண்டு, மேட்டு ஓரம்.
போய்ப் பார்த்தேன்.
வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்கு அடியில்
செங்கல்பொடி நிறத்தில் பொட்டாஷ்,
கரைந்தும் கரையாமலும், பாறைபோல் இறுகி.
மூன்று சாக்கு இருக்கும்.

சஹ்ருடின் மறைக்கவில்லை.
லோம்போக்கிலிருந்து வந்து ஒன்பது வருடம்.
பாதிச் சிகரெட்டை அணைத்துக் காதில் செருகினான்.
“பதினேழு சாக்குவரை கை எண்ணும், காக்.
பதினெட்டில் எண்ணாது.”

ஐந்து கிலோத் துண்டுகள் எப்போதும் கடைசி.
லாரி அந்த வரிசையில்தான் இறக்கும்.
பிற்பகல் இரண்டு மணி, ஏற்றம், ஐம்பது கிலோ தோளில்.
அப்படியானால் ஆறு ஆண்டுகளாய்
வேண்டாம் என்றது மரமா,
தோளா?
என் சட்டிக்குள் இன்னொரு சட்டி கவிழ்ந்திருந்திருக்கிறது.

அவன் கூலிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன்.
முதல் சாக்குக்கு என்னவோ
பதினெட்டாவதுக்கும் அதுவே.
இந்த ஊரில் நான் பார்த்த
ஒரே நேர்கோடு.

அறிக்கையில் காரணம் என்ற கட்டம்
இன்னும் காலி.
பெயரை எழுதினால் அவனுக்குக் கப்பல்;
எழுதாவிட்டால் மரத்தின்மேல் பழி.
“உர அளவு உறுதியில்லை” என்று அடித்து,
அழித்து, மறுபடி அடித்தேன்.
சுவரில் இருந்ததைக் கழற்றினேன்.
கோந்து பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது.

கீழே கைப்பேசிக் கடையில்
உடைந்த திரைகளை மாற்றுகிறாள் இளவேனி,
அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி.
கட்டணம் போன மாதமே இருபது காசு இறங்கிவிட்டது.
ஆறேகால் பேருந்து தினமும் அவள் முன்னால் நின்று,
கதவைத் திறந்து,
மூடிக்கொண்டு போகிறது.