பதினேழாவது கேள்வி

மாகாணக் கந்தோரில் இருந்து வந்த படிவத்தில்
பதினாறு கேள்விக்கு எண்ணில் விடை எழுதலாம்.
பதினேழாவதுக்கு இரண்டு அங்குலம் விட்டிருக்கிறார்கள்:
கணினி முறைமை வந்தபின் நோயாளர் பாதுகாப்பில்
நீங்கள் அவதானித்த மாற்றம்.

மல்லாவி. மூன்றாம் விடுதி. இரவு ஒன்றரை.
இடம் போதாது,
ஒற்றையின் பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும்.
முந்திக் கட்டில் சீட்டில் டொக்டரின் எழுத்து
சேற்றில் நண்டு ஓடின மாதிரி.
பத்தோ நூறோ என்று மூன்று பேர்
லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்போம்.
இப்போது பத்து, பத்துதான்.
மாசியில் பாலிநகரில் இருந்து ஒரு பிள்ளை,
பதினொரு கிலோ, காய்ச்சல்.
நித்திரைத் தூக்கத்தில் என் விரல்
ஒரு பூச்சியம் கூட அழுத்திவிட்டது.
திரை சிவந்தது. மேலே போக விடவில்லை.
இதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை
தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து
மணியை அடித்து அடித்து வீட்டுக்குப் போனது.

யானை தள்ளிய மரம் கம்பியில் விழுந்த இரவு
நாலு மணித்தியாலம் திரை கறுப்பு.
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி கொப்பியில் எழுதினோம்.
அதைப் பற்றி முறைப்பாடு இல்லை. பழகினதுதான்.

மற்றதுதான் எழுதக் கையோடவில்லை.

பெயரும் பிறந்த திகதியும் பொருந்தினால்
அவரே இவர் என்று கணினிக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.
எங்கள் பிறப்புப் பத்திரங்கள்
பங்கருக்குள் ஊறின, பையோடு கடலேரியில் போயின.
முகாம் வாசலில் மேசை போட்டிருந்த கிளாக்கருக்கு
வரிசை கண்ணுக்கெட்டாத நீளம்.
'திகதி தெரியாதோ? சரி, சனவரி ஒன்று.'
அன்று ஒரு வரிசை முழுக்க
ஒரே நாளில் பிறந்தது.

ஆகவே எங்களிடம் இரண்டு சின்னப்பு குணநாயகம்.
இரண்டும் ஐம்பத்தாறு, சனவரி ஒன்று.
ஒருவர் யோகபுரம், சீனி வருத்தம்.
ஒருவர் துணுக்காய், காலில் மண்வெட்டி வெட்டின காயம்,
ஷெல்லில் காது போனவர்,
எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்.
கணினி இருவரையும் ஓராளாக்கிவிட்டது.
ஒவ்வாமை: இல்லை, என்றது.
கைப்பட்டியில் ஸ்கானரைப் பிடித்தேன். பச்சை. ஒரு 'பீப்'.

ஊசி போடச் சேர்ட்டை விலக்கினால்
கழுத்தில் கறுத்த நூல்,
நூலில் ஷொப்பிங் பையால் சுற்றின பொட்டலம்.
தாயத்து என்று நினைத்தேன்.
அவரே அவிழ்த்து நீட்டினார்.
பால்மாப் பெட்டி மட்டை, நீல மை:
பெனிசிலின் ஆகாது.
கீழே ஒரு கையெழுத்து,
ஒன்பதாம் ஆண்டு சித்திரை.

எந்தத் தறப்பாள் ஆஸ்பத்திரியில்
எந்த டொக்டர், எந்தச் சத்தத்துக்குள் எழுதினாரோ.
ஒவ்வோர் எழுத்தும் உறுப்பாக இருந்தது.

படிவத்தின் நாலாம் கேள்வி: தவறான மருந்தால் பாதிப்பு, எத்தனை?
பூச்சியம்.
ஐந்தாம் கேள்வி: இறப்பு?
பூச்சியம்.
அந்த இரண்டு பூச்சியத்துக்குள்ளும்
பிள்ளையின் சைக்கிள் மணி இருக்கிறது, மட்டை இருக்கிறது,
என் விரல் இருக்கிறது.
கூட்டிப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

சிபாரிசு ஏதும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.
உண்டு.
பிறந்த திகதிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வையுங்கள்:
எந்தெந்த ஊரால் இடம்பெயர்ந்து வந்தீர்கள்?
கடைசி மூன்று ஊர் எல்லாருக்கும் ஒன்றாய்த்தான் வரும்.
அதற்கு முன்னுக்குக் கேட்டால்
ஆள் ஆளாய்ப் பிரிவார்கள்.

இரண்டு மணி. ஏழாம் கட்டிலுக்கு மருந்து.
மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.