ஞாயிறு வாசனை

கட்டபெட்டில் காற்றுக்கே
வறுத்த தேயிலை வாசனை.
துவைத்த துணியில், நிரோஜாவின் பின்னலில்,
மருந்துச் சீட்டில்கூட.
பதினோரு வருடம் அந்த ஃபேக்டரியில்
தூள் சலித்தவள் நான்.
என் மூக்கு அதை மறந்தே போயிருந்தது.

இப்போது அதுதான் முதலில் வருகிறது.
வாசனை, பிறகு நாக்கில் துருப்பிடித்த ஆணி,
பிறகு வலது கட்டைவிரல்
என்னைக் கேட்காமல் யாரையோ கூப்பிடும்.
அதற்கப்புறம் நான் இல்லை.

எவ்வளவு நேரம் இல்லை என்பது
யோகராசனுக்குத் தெரியும்.
பால் கணக்கு நோட்டில் எழுதி வைக்கிறார்:
"புதன். 4.10. இரண்டரை நிமிடம். வாயில் நுரை.
கண் முழிச்சதும் என்னை அண்ணே என்றாள்."
நான் இல்லாத பொழுதெல்லாம்
அவர் கையெழுத்தில் பத்திரமாக இருக்கிறது.

முதலில் ரத்தம்தான் கசிந்தது.
உறைபனியில் இலை கருகிய வாரம்.
சல்லடை கையில் இருந்தது,
அப்புறம் சல்லடை தரையில் இருந்தது, நானும்.
மேட்டுப்பாளையம் இறங்கும்வரை
கொண்டை ஊசி வளைவுகளைப் படுத்தபடியே எண்ணினேனாம்.
ஆறுக்கு மேல் எண் வரவில்லையாம்.
ஆறு. ஆறு. ஆறு.

கோவையில் மண்டையைத் திறந்து மூடினார்கள்.
ஒன்பதாம் நாள் மூளைக்கே காய்ச்சல் கண்டது.
வீக்கம் வடிய மாசிவரை ஆயிற்று.
"தழும்பு இருக்கும்மா,
அங்கேயிருந்து அப்பப்போ பொறி கிளம்பும்"
என்றார் டாக்டர், பேனாவை மூடிக்கொண்டே.

கரண்டியை ஏணி என்கிறேன்.
சொல்லும்போது சரியாகத்தான் கேட்கிறது எனக்கு.
நிரோஜா திருத்துவதில்லை.
ஏணி கேட்டால் கரண்டி வரும்.
நேற்று அவளே அப்பாவிடம் கேட்டாள்,
"சாம்பார் ஏணி எங்கப்பா?"

வாசனை வருதா, வருதா என்று
இருவரும் கேட்டபடி இருக்கிறார்கள்.
வருது. ஊருக்கே வருது.
எது சிம்னியிலிருந்து, எது தழும்பிலிருந்து
என்று எப்படிச் சொல்ல?

ஞாயிறு மட்டும் தெளிவு.
இலை வராது, உலை ஆறியிருக்கும்,
காற்றில் கற்பூர மரமும்
பக்கத்து வீட்டு மீனும்தான்.
அன்றைக்குத் தேயிலை மணத்தால்
அது என்னுடையது.

போன ஞாயிறு மணத்தது.
அடுப்பை அணைத்தேன்.
கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டு
சமையலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன்.
யோகராசன் தலையணையும் நோட்டுமாக ஓடி வந்தார்.
காத்திருந்தோம்.
கட்டைவிரலைப் பார்த்தோம்.
சும்மா கிடந்தது.

படுத்தபடியே கத்தினேன்:
"மேரி ரோஸக்கா! உங்களுக்கும் வாசம் வருதா?"
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒருமுறை மூச்சிழுக்கும் சத்தம்.
"வருதே! இலை குமிஞ்சு கெடக்காம்,
இன்னிக்கும் ஓட்டுறானுக!"

"ஞாயிறு. 11.20" என்று
எழுதிவிட்டு நின்றார் மனுஷன்.
மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
அதே வரியில் சேர்த்துக்கொண்டார்:
அரை லிட்டர்.